வாசகர் கேள்வி – பதில்: மூடி இல்லாத மெஷினும் முதலாளியின் பொறுப்பும்

வேலைத்தளப் பாதுகாப்பு பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களை ஒன்றாக எடுத்து இந்த முறை பதில் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், எழுதியவர்களில் சிலர் இன்னும் அதே முதலாளியிடம்தான் வேலை செய்கிறார்கள்.

கேள்வி (கிண்ணியா வாசகி): அஸ்ஸலாமு அலைக்கும் ஐயா. என் கணவர் ஒரு நெல் ஆலையில் வேலை செய்கிறார். பெல்ட் வழுக்குகிறது என்று ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டுக்கு மெழுகு தேய்க்கப் போனபோது கை கப்பிக்குள் இழுபட்டு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. முதலாளி ஆஸ்பத்திரிக்கு வாகனம் பிடித்துக் கொடுத்தார், பிறகு 50,000 ரூபாய் தந்தார். இப்போது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார். பெல்ட் கவரைக் கழற்றியது உங்கள் ஆள்தான், சட்டப்படி ஒன்றும் கிடைக்காது என்றும் சொல்கிறார். கையெழுத்து வைக்கலாமா?

பதில்: வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. வைக்க வேண்டாம். இந்த இதழ் வருவதற்குள் வைத்துவிட்டீர்கள் என்றாலும் கலங்க வேண்டாம், ஏனென்றால் தொழிலாளி தன்னுடைய நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி செல்லாது. அது 1934ஆம் ஆண்டுச் சட்டம், 19ஆம் இலக்கம். எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முன்பே யாரோ இந்தத் தாளை எதிர்பார்த்திருக்கிறார்கள். அந்த 50,000ஐத் திருப்பிக் கொடுக்கவும் தேவையில்லை. இன்ன திகதியில் இவ்வளவு பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள், அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம்.

இந்தச் சட்டத்தில் முதலாளி பிழை செய்தாரா இல்லையா என்பது முதல் கேள்வியே இல்லை. காயம் வேலை நேரத்தில், அந்த வேலையின் காரணமாக வந்ததா, அதைத்தான் பார்ப்பார்கள். பெல்ட் வழுக்கியது ஆலையின் பெல்ட், மெழுகு போட்டது ஆலைக்காக. அவ்வளவுதான்.

"அவர்தான் கழற்றினார்" என்ற கதை எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். தொழிலாளி குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்காகத் தெளிவாகப் போட்ட விதியை வேண்டுமென்றே மீறினாலோ, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினாலோ, அதனால் நேரடியாக வந்த காயத்துக்கு நட்டஈடு கொடுக்க முதலாளி மறுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, சாவு நேர்ந்தால் அந்த விலக்கும் இல்லை. முதலாளிமார் சட்டத்தரணியைப் பார்த்துவிட்டு வந்ததும் பாடமாகச் சொல்வது இந்த ஒரு பத்தியைத்தான். ஆனால் "வேண்டுமென்றே" என்ற சொல் அதில் சும்மா நிற்கவில்லை. மாதக்கணக்காக மூடியே இல்லாமல் ஓடிய மெஷினில், போ பெல்ட்டைப் பார் என்று அனுப்பப்பட்டவர் வேண்டுமென்றே மூடியைக் கழற்றியவர் ஆகமாட்டார். அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபிப்பதும் முதலாளியின் வேலை.

அதனால் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் கணவரோடு வேலை செய்தவர் யாராவது நல்ல மனதோடு ஒத்துக்கொண்டால், அந்தக் கப்பிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கவர் பூட்டுகிற பொல்ட் ஓட்டைகள் தவிட்டுத் தூசியால் அடைபட்டிருந்தாலோ, துருப்பிடித்திருந்தாலோ, மேலே பெயின்ட் பூசியிருந்தாலோ அந்தக் கவர் விபத்து நடந்த அன்று கழன்றதல்ல என்று பார்க்கிற எவருக்கும் விளங்கும். கவரே ஒரு மூலையில் கோழி அடைக்கக் கிடக்கிறதென்றால் அதையும் எடுங்கள். புதுக் கவர் பூட்டுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும், ஏனென்றால் இப்படியான விபத்துக்குப் பிறகுதான் ஆலைகளில் கவர் மிக வேகமாகப் பூட்டப்படும்.

இனி, முதலாளியின் பிழைக்கு வருவோம், அது வேறு சட்டம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், சுழலுகிற கப்பி, பெல்ட், தண்டு, பற்சக்கரம் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பான மூடி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. கடமை தொழிற்சாலையை நடத்துகிறவருடையது. இங்கிலாந்தில் 1844லேயே வந்துவிட்ட கடமை இது, பஞ்சாலைகளின் தண்டில் உடுப்புச் சிக்கி ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம். அன்றைக்கும் முதலாளிமார் சொன்ன பதில் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறோமே என்பதுதான்.

கவனத்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடுவோம். சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று. அதில் ஆறு அங்குலக் கப்பி பூட்டினால் பெல்ட் செக்கனுக்கு 11 மீற்றருக்கு மேல் ஓடும். விரல் பட்டுவிட்டது என்று மூளைக்குத் தெரிந்து கை பின்னால் வரக் கால் செக்கன் ஆகும் என்று வைத்தால், அதற்குள் பெல்ட் ஒன்பது அடி போய்விட்டது. எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் உடம்பு அதைவிட வேகமாக வேலை செய்யாது. பெல்ட் வழுக்கினால் மெஷினை நிறுத்தி இழுவையைச் சரிசெய்ய வேண்டும், அல்லது பெல்ட்டை மாற்ற வேண்டும். ஓடுகிற பெல்ட்டுக்கு மெழுகு தேய்க்கச் சொல்வது புதுப் பெல்ட்டுக்குக் காசு போட மனம் வராத பழக்கம்.

அப்புறம், மூன்று நாளுக்கு மேல் ஒருவரை வேலைக்கு வர முடியாமல் செய்கிற விபத்தை முதலாளி தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். இரண்டு விரல் போனவர் மூன்று நாளில் திரும்பியிருக்க மாட்டார். அறிவித்தாரா என்று திருகோணமலை மாவட்டத் தொழில் காரியாலயத்தில் கேளுங்கள். அறிவிக்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள், தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர் வந்து பார்க்க வழி பிறக்கும்.

தொகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. சம்பளத்தையும், உழைக்கும் திறனில் எத்தனை வீதம் போனது என்பதையும் வைத்துக் கணக்கிடுவார்கள். அதிகபட்சம் முன்பு 550,000 ரூபாயாக இருந்தது, 2022 திருத்தத்தில் 20 இலட்சம் ஆனது. உங்களுக்கு 20 இலட்சம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, அது உச்சவரம்பு, ஆனால் 50,000 என்பது முதலாளியின் மனதில் உதித்த எண் என்பது மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் போவது கொழும்பில் உள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம். ஆஸ்பத்திரி அட்டை, பொலிஸ் பதிவு செய்திருந்தால் அதன் பிரதி, சம்பளச் சீட்டு, சேமலாப நிதி இலக்கம், பார்த்தவர்களின் பெயர் எல்லாம் சேர்த்து வையுங்கள். சம்பளச் சீட்டே தராத ஆலை என்றால் நாட்கூலி எழுதுகிற கொப்பியின் படமாவது வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தில் கவலையீனத்துக்காக வழக்குப் போடுகிற வழியும் இருக்கிறது, ஆனால் ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தெரிவுசெய்ய வேண்டும், அதனால் எதிலாவது இறங்க முன்னர் ஒரு சட்டத்தரணியோடு ஒரு தடவை பேசிவிடுங்கள். காலவரம்பு உண்டு. நோன்பு கழியட்டும், பெருநாள் கழியட்டும் என்று தள்ள வேண்டாம்.

கேள்வி (பாலையூற்று வாசகர்): நான் சின்ன மரவேலைத் தளம் வைத்திருக்கிறேன், நான்கு பெடியன்கள் வேலை. மேசை வாளுக்கு மூடி வாங்கிப் பூட்டினால் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கேட்டால் "வேலை ஓடாது அண்ணை" என்கிறார்கள். எத்தனை தரம் சொல்வது? "மூடியைக் கழற்ற மாட்டேன், கழற்றினால் நானே பொறுப்பு" என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைத்தால் எனக்குப் பாதுகாப்பா?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்ன பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான். அந்தக் கையெழுத்துத் தாளை வைத்து வாளைக் கூடத் துடைக்க முடியாது. மூடி கழன்று கிடப்பதைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டு வேலை நடக்க விட்டீர்கள் என்றால், நீங்கள் வாயால் சொன்னது ஒன்று, நடத்தையால் அனுமதித்தது வேறொன்று, விசாரணையில் இரண்டாவதைத்தான் பார்ப்பார்கள். நாலு பேர்தானே, இதெல்லாம் பெரிய தொழிற்சாலைக்கு என்றும் நினைக்க வேண்டாம். கூலிக்கு ஆள் வைத்து ஒரு பொருளைச் செய்கிற, திருத்துகிற இடம் என்றால் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்கு அது தொழிற்சாலைதான்.

ஆனால் கேட்டிருக்கிறீர்கள், அதுவே பாதி. பெடியன்கள் ஏன் கழற்றுகிறார்கள் என்று அவர்களோடு நின்று பார்த்தீர்களா? நான் பார்த்த தளங்களில் காரணம் பெரும்பாலும் மூடியிலேயே இருக்கிறது. வாள் வெட்டுகிற கோடு மறைகிறது, தூள் அடைக்கிறது, உயரத்தை மாற்ற ஐந்து நிமிடம் போகிறது. பலகையின் தடிப்புக்கு ஏற்ப ஒரு கையால் தூக்கி இறக்கக் கூடிய, பக்கத்தால் பார்க்கக் கூடிய மூடியைச் செய்து கொடுத்தால் கழற்ற வேண்டிய தேவை குறைந்துவிடும். வெல்டிங் கடையில் சொல்லிச் செய்விக்கலாம், ஆனால் பூட்டுகிற இடத்தில் கையால் திருகுகிற நட்டுப் போட வேண்டாம், ஸ்பானர் இல்லாமல் கழலக் கூடாது, அந்த ஸ்பானர் உங்களிடம் இருக்கட்டும்.

மூடியைவிட முக்கியம் என்று நான் நினைப்பது வாளுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடு. உங்கள் மேசையில் அது இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், பல இடங்களில் முதல் நாளே கழற்றிவிடுவார்கள். மரம் பிளந்து போகும்போது உள்ளே இருக்கிற இறுக்கத்தால் வெட்டு மறுபடி மூடப் பார்க்கும். மூடினால் வாளின் பின்பக்கப் பற்களை அது கவ்வும், அந்தப் பற்கள் மேல்நோக்கி வருகிறவை, பலகையைத் தூக்கி நிற்கிற ஆளின் வயிற்றை நோக்கி எறியும். பன்னிரண்டு அங்குல வாள் 2,880 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 165 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. பலகை எகிறும்போது அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை முன்னால் சரிந்து நேரே வாளில் விழும், விரல் போகிற கதைகளில் நிறைய இப்படித்தான் தொடங்குகின்றன. பின்தகடு அந்த வெட்டைத் திறந்தே வைத்திருக்கும். வாளின் பற்களிலிருந்து 8 மில்லிமீற்றருக்கு மேல் தள்ளி நிற்கக் கூடாது, பின்தகடு வாளின் உடலைவிடக் கொஞ்சம் தடிப்பாகவும் பல் வெட்டுகிற அகலத்தைவிடக் கொஞ்சம் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். கடைசி ஓர் அடி வெட்டுக்குக் கை வேண்டாம், தள்ளுகிற கட்டை. அதைக் கயிறு கட்டி மேசையிலேயே தொங்க விடுங்கள், தேடிப் போக வேண்டியிருந்தால் ஒருவரும் தேட மாட்டார்கள்.

மோட்டார்ப் பக்கத்துப் பெல்ட்டுக்கு வலைக் கம்பி அடிக்கப் போகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் வலையின் கண் எவ்வளவோ அதற்கேற்ற தூரம் வேண்டும். அரை அங்குலக் கண் உள்ள வலை என்றால் விரல் உள்ளே போகும், அதனால் பெல்ட்டிலிருந்து குறைந்தது 12 சென்ரிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். வேலி அடிக்கிற இரண்டு அங்குல வலை என்றால் முழுக் கையும் போகும், 85 சென்ரிமீற்றர் தள்ள வேண்டும், உங்கள் கொட்டிலில் அவ்வளவு இடம் எங்கே? இவை சர்வதேச நியமத்தில் உள்ள அளவுகள். இடம் இல்லாதவர் வலையை விட்டுத் தகரம் அடிப்பதே சுகம்.

ஒன்று மறந்துபோகும், கரண்ட். எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதும் புதிதில்லை. சாதாரண சுவிட்சில் ஓடுகிற வாள், கரண்ட் போனால் நிற்கும், எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள், சுவிட்சை ஒருவரும் அணைக்க மாட்டார்கள். யாராவது குனிந்து மரத்தூளை அள்ளும் நேரம் பார்த்துக் கரண்ட் வரும். கரண்ட் போனால் தானே விடுபட்டு, மறுபடி பட்டனை அமுக்கினால் மட்டும் ஓடுகிற ஸ்டார்ட்டர் கடையில் கிடைக்கிறது, ஒரு நல்ல வாளின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய காசில்லை. அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999இல் ஒரு வழி கண்டுபிடித்தார், தோல் பட்டதும் 5 மில்லிசெக்கனுக்குள் வாளையே நிறுத்திவிடுகிற மேசை. அதெல்லாம் வாங்கச் சொல்லவில்லை, தகடும் ஸ்டார்ட்டரும் தள்ளுகட்டையும் இந்தச் சனிக்கிழமைக்குள் முடிகிற வேலை.

கேள்வி (கொட்பே, ஐஸ் உடைக்கும் இடத்தில் வேலை செய்யும் வாசகர்): படகுகள் கரைக்கு வந்தால் ஐஸ் உடைக்க மூச்சுவிட நேரமில்லை. கட்டி சிக்கினால் கம்பியால் குத்துவோம், சில பேர் காலால் மிதித்துத் தள்ளுவார்கள். நிறுத்திவிட்டுச் செய்தால் மேற்பார்வையாளர் கத்துகிறார். எமர்ஜென்சி பட்டன் பக்கத்தில் இருக்கிறது, அது போதாதா?

பதில்: தம்பி, அந்தச் சிவப்புப் பட்டன் கை போன பிறகு மிச்சக் கையைக் காப்பாற்றத்தான். அதை அமுக்க ஒரு கை வேண்டும், அமுக்கிய பிறகும் ஐஸை உடைக்கிற முள் உருளை தன் பாரத்தில் கொஞ்ச நேரம் சுற்றும். பட்டன் இருக்கிறது என்ற தைரியத்தில் காலை உள்ளே விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஈரத் தரை, ரப்பர் சப்பாத்து, கீழே முள்.

ஐஸ் போடுகிற வாய் பெரிதாகத்தான் இருக்கும், கட்டி பெரிது. அதனால் வாயைச் சின்னதாக்க முடியாது, ஆழமாக்கத்தான் முடியும். தோள்வரை கையை விட்டாலும் முள் எட்டாத ஆழத்துக்குத் தகரக் கூடு நீண்டிருக்க வேண்டும், அதன் வாயில் ஆள் குனிந்து உள்ளே சாயாதபடி தடுப்பும் வேண்டும். உங்கள் மெஷினில் கூடு எவ்வளவு ஆழம் என்று ஒரு தடியை விட்டு அளந்து பாருங்கள், மெஷின் நின்றபிறகு. அளவைச் சொல்லி முதலாளியிடம் கேட்டால் அவர் பேச்சை மாற்றுவது கஷ்டம்.

சிக்கலை எடுக்கும்போது நிறுத்தினால் மட்டும் போதாது, மறுபடி யாரும் போட முடியாதபடி நிறுத்த வேண்டும். மெயின் சுவிட்சின் கைபிடியில் பூட்டுப் போட ஓட்டை இருக்கும். உள்ளே கை வைக்கிறவர் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பொக்கற்றில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் கை வைத்தால் இரண்டு பூட்டு. மேற்பார்வையாளரிடம் சாவி இருக்கக் கூடாது, அவர் நல்லவராக இருந்தாலும். படகுக்காரர் நாலு பேர் வெளியே நின்று சத்தம் போடும்போது, உள்ளே ஒருவர் குனிந்திருப்பது தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடுகிறவர் பெரும்பாலும் அவசரப்படுகிற நல்ல மனிதர்தான். பூட்டுப் போட்டதும் ஓட்டுகிற பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், ஓடாவிட்டால்தான் சரியான சுவிட்சைப் பூட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உருளை தானே உருளாமல் ஒரு கட்டையைக் கொடுத்து முட்டு வையுங்கள், சிக்கியிருந்த ஐஸ் விடுபடும்போது கரண்ட் இல்லாமலே அது சுற்றும்.

மேற்பார்வையாளர் கத்துவது பற்றி. ஒரு சிக்கலை எடுக்கப் பூட்டுப் போட்டுத் திறக்க இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பொறுக்க முடியாத அளவுக்குச் சிக்கல் அடிக்கடி வருகிறதென்றால் மெஷினில் பழுது, அதைத் திருத்துவது முதலாளி வேலை, உங்கள் காலால் மிதிப்பது திருத்தம் அல்ல.

கேள்வி (கந்தளாய் வாசகி): கையுறை போட்டால் எல்லா மெஷினுக்கும் பாதுகாப்புத்தானே? எங்கள் இடத்தில் கொடுப்பதில்லை.

பதில்: இல்லை. துளையிடுகிற மெஷின், லேத், சுழலுகிற தண்டு உள்ள எதற்கும் கையுறை ஆபத்து. ஒரு நூல் சிக்கினால் கையுறை விரலோடு சுற்றிக்கொள்ளும், வெறும் விரலாக இருந்தால் தோல் உரிந்து தப்பியிருக்கும். மோதிரம், தொங்குகிற ஷோல், கோணேசர் கோயிலில் கட்டிவிட்ட மணிக்கட்டு நூல், எல்லாம் இதே கணக்கு. வேலை முடிந்ததும் கட்டிக்கொள்ளுங்கள், சாமி கோபிக்க மாட்டார். ஆனால் ஆடைத் தொழிற்சாலையில் துணி அடுக்கை வெட்டுகிற நாடாக் கத்திக்கு உலோக வளையங்களால் பின்னிய கையுறை கட்டாயம் வேண்டும், அதைத் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். தையல் மெஷினில் ஊசிக்கு முன்னால் இருக்கிற விரல் காப்பைத் துண்டுக் கணக்கு முடிக்க அவசரத்தில் வளைத்து விடுவார்கள். அதை நிமிர்த்தச் சொல்லுங்கள்.

கேள்வி (உப்புவெளி, வெல்டிங் கடை): சின்ன கிரைண்டரில் பெரிய டிஸ்க் போட்டால் ஆழமாக வெட்டுகிறது. கார்ட் இடிக்கிறது என்று கழற்றிவிட்டுத்தான் போடுகிறோம். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: கார்ட் இடிப்பது மெஷின் உங்களுக்குச் சொல்கிற பதில். நாலரை அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். ஏழு அங்குல டிஸ்க்கின் மேலே பாருங்கள், சுமார் 8,500க்கு மேல் ஓட்டாதே என்று அச்சடித்திருக்கும். செக்கனுக்கு 80 மீற்றர் விளிம்பு வேகத்துக்குச் செய்த கல்லை நீங்கள் 100க்கு மேல் ஓட்டுகிறீர்கள். உடைந்தால் துண்டுகள் கண்ணாடியையும் தாண்டிப் போகும், அதைப் பிடிக்க இருந்த கார்டும் மேசைக்கு அடியில் கிடக்கிறது. ஆழமாக வெட்ட வேண்டுமென்றால் பெரிய கிரைண்டர் வாங்குங்கள், அல்லது ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள். இரும்பு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மரம் வெட்டும் பல் வாள் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, நிறுத்துங்கள் என்பதைத் தவிர.

கேள்வி (மூதூர் தாய்): என் மகனுக்கு 17 வயது. பேக்கரியில் மா குழைக்கும் மெஷினில் விடுகிறார்கள். ஓடும்போதே கையை விட்டு மாவை வழித்துப் போடச் சொல்கிறார்களாம். அவன் பயப்படுகிறான், வேலையை விடவும் முடியவில்லை.

பதில்: அம்மா, பயம் நியாயமானது. இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இலிருந்து 16, அதனால் அவன் வேலை செய்வது சட்டவிரோதம் இல்லை. ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலைகளில் விட முடியாது, ஆபத்தான மெஷினில் இளம் வயதினரை விடுவதற்குப் பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. மா குழைக்கும் மெஷினின் கை, மாவோடு சேர்த்து மனிதக் கையையும் சுற்றி எடுக்கும், மா இறுகி இருப்பதால் இழுத்தெடுக்கவும் முடியாது. நல்ல மெஷினில் பாத்திரத்தின் மேல் மூடி இருக்கும், மூடியைத் தூக்கினால் மோட்டார் தானே நிற்கும். பழைய மெஷினுக்கும் ஒரு சின்ன சுவிட்ச் வைத்து அதைச் செய்யலாம், நல்ல எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

முதலாளியிடம் நீங்கள் நேரே போய்ப் பேசுங்கள், மகனை அனுப்பாதீர்கள். "மெஷினை விட்டு அடுப்புப் பக்கமோ பொதி கட்டுகிற பக்கமோ மாற்றுங்கள்" என்று கேளுங்கள். பேக்கரிக்காரர்களுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், பெரும்பாலும் மாற்றுவார்கள். மாற்றாவிட்டால் கீழே தம்பலகாமம் வாசகருக்குச் சொல்வதைச் செய்யுங்கள்.

கேள்வி (சீனக்குடா வாசகர்): நான் வேலை செய்வது ஒரு தொழிற்சாலைக்குள், ஆனால் சம்பளம் தருவது ஆட்களை அனுப்புகிற கொந்தராத்துக்காரர். காயம் வந்தால் "நீ எங்கள் ஆள் இல்லை" என்று தொழிற்சாலை சொன்னால்?

பதில்: சொல்லலாம், ஆனால் அது அவ்வளவு தூரம் போகாது. தன் தொழிலின் வழக்கமான வேலையைக் கொந்தராத்துக்காரரை வைத்துச் செய்விக்கிற நிறுவனம், அந்த ஆட்களுக்கு வரும் காயத்துக்கும் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் பொறுப்பாகும். கொடுத்துவிட்டுக் கொந்தராத்துக்காரரிடம் திரும்பப் பெறுவது அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு, உங்களை அதற்குள் இழுக்கத் தேவையில்லை. மெஷினுக்கு மூடி போடுகிற கடமையும் அந்த இடத்தை நடத்துகிறவருடையதுதான், கொந்தராத்துக்காரருக்கு அங்கே ஒரு ஸ்பானர் கூடச் சொந்தமாக இருக்காது. நீங்கள் எந்தப் பகுதியில், எந்த மெஷினில், எந்த நாட்களில் வேலை செய்தீர்கள் என்பதற்கு உங்களிடம் எழுத்து இருக்க வேண்டும். வாசலில் கையெழுத்திடுகிற புத்தகத்தின் படம், அடையாள அட்டை, மேற்பார்வையாளர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, எதுவானாலும். வேலைக்கு வருகிற, திரும்புகிற வழியில் நடக்கும் விபத்தும் 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்துக்குள் வருகிறது, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு இது முக்கியம்.

கேள்வி (தம்பலகாமம் வாசகர்): முறைப்பாடு செய்தால் யார் செய்தது என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். சின்ன ஊர். வேலை போனால் யார் தருவது? பேசாமல் இருப்பதுதானே நல்லது?

பதில்: சின்ன ஊர் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. தொழில் பரிசோதகர்கள் முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்பதை முழு இரகசியமாக வைத்திருக்க வேண்டும், முறைப்பாட்டின் பேரில்தான் வந்தோம் என்று முதலாளியிடம் காட்டிக்கொள்ளவும் கூடாது, இது சர்வதேசத் தொழில் அமைப்பின் 81ஆம் இலக்கச் சமவாயம். இலங்கை 1956லேயே அதை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் இருப்பது அப்படி. நடைமுறையில் உங்களைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதிகாரி இல்லை, கடிதத்தில் நீங்களே எழுதுகிற விபரம். "நேற்று என்னை ஏசியபோது" என்று ஒரு வரி போதும், ஆளைப் பிடித்துவிடலாம்.

அதனால் கடிதத்தில் மெஷினைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எந்த மெஷின், எந்தப் பக்கம் மூடி இல்லை, எந்த நேரங்களில் ஓடும், எத்தனை பேர் அருகில் நிற்பார்கள், முன்பு யாருக்காவது காயம் வந்திருந்தால் எந்த மாதம். ஓடுகிற நேரத்தை எழுதுவது முக்கியம், நெல் ஆலைகள் அறுவடைக் காலத்தில் இரவிலும் ஓடும், பகலில் வந்த பரிசோதகர் நின்றுகிடக்கிற மெஷினைப் பார்த்துவிட்டுப் போவார். கடிதத்தைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு என்று முகவரியிடுங்கள். சம்பள நிலுவை, மேலதிக நேரக் காசு பற்றிய முறைப்பாட்டை அதில் சேர்க்க வேண்டாம், அது தொழில் உத்தியோகத்தருடைய வேலை, இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் கோவைக்குள் கிடக்கும். தனித்தனியாக இரண்டு கடிதம், இரண்டுக்கும் பதிவுத் தபால் சீட்டு.